கொஞ்சம் சாய்ந்த ஃ

ஏன் கிடார் என்று கேட்டவர்களிடம்
ஆளுக்கொரு பொய் சொன்னேன்.
விரல் மரத்துப்போகிறது, டாக்டர் சொன்னார் என்று தங்கையிடம்.
அம்பத்தூரில் ஒரு பையனிடம் பழையதாக வாங்கி
மின்சார ரயிலில் மடியில் நிறுத்திக்கொண்டு வந்தபோது
பக்கத்து இருக்கை அம்மாளிடம்
மகனுக்கு என்றேன்.
எனக்கு மகன் இல்லை.
என்ன படிக்கிறான் என்றார்.
வில்லிவாக்கம் வருவதற்குள் அவனை
மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வரை
கொண்டுவந்துவிட்டேன்.

பெரம்பூரில் பஞ்சர் கடைக்கு மேல்
சனிக்கிழமை ஐந்து மணி வகுப்பு.
டெரிக்குக்கு வயது இருபத்துமூன்று,
என் சர்வீஸைவிட ஒன்று குறைவு.
மாணவர்களில் நான் மூத்தவள்.
எனக்கு அடுத்தவன் ஏழாம் வகுப்பு.
"எனக்கும் எஃப் வரல ஆன்ட்டி" என்று
மூன்று வாரம் ஆறுதல் சொன்னான்.
நாலாவது வாரம் அவனுக்கு வந்துவிட்டது.
அதன்பிறகு என் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான்,
நல்ல பிள்ளை.

எனக்கோ ஆறு கம்பியில் இரண்டு பேசும்.
மற்றவை
தெர்மாகோலை நகத்தால் கீறினதுபோல.

டெரிக் கட்டம் வரைந்து காட்டினான்.
ஆள்காட்டி விரல் ஆறு கம்பிக்கும் குறுக்கே
பாலம்போலப் படுக்கவேண்டும்.
அதற்குக் கீழே மூன்று புள்ளி,
மேலே ஒன்று, அடியில் இரண்டு.
"இது ஆய்த எழுத்துப்பா" என்றேன்,
"கொஞ்சம் சாய்ந்திருக்கு."
பள்ளியில் அவன் எடுத்தது ஃபிரெஞ்சு.
அதனால் அன்று கால்மணி நேரம் நான் வகுப்பெடுத்தேன்:
தனிநிலை என்று பேர்,
ஆனால் தனியாக நிற்காது.
முன்னால் ஒரு குறில் வேண்டும்,
பின்னால் ஒரு வல்லினம்.
தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான்:
"அப்ப அத மட்டும் அழுத்திட்டு உக்காந்திருக்காதீங்க.
சி-லேர்ந்து வாங்க, ஜி-க்குப் போங்க."

சார்பதிவாளர் அலுவலகத்தில் என் வேலை
பிறர் கைரேகையைப் பத்திரத்தில் ஏற்றுவது.
விழாத ரேகைகளுக்கு என்னிடம் ஒரே வாக்கியம்தான்:
துடைச்சிட்டு மறுபடி வைங்க.
ஆவணி மாதத் திங்கட்கிழமை ஒன்றில்
வருகைப்பதிவு இயந்திரம்
என் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்து
மீண்டும் முயற்சிக்கவும் என்றது.
(பதிவெடுத்த நாளில் வலக்கையில் கட்டு.)
மூன்று முறை.
பின்னால் வரிசை.
தணிகாசலம் தன் தோள் துண்டை நீட்டி
"துடைச்சிட்டு வைங்க மேடம்" என்றார்.
துடைக்க என்ன இருக்கிறது,
தோல் காய்த்திருக்கிறது.
நான் நானில்லை என்று சிவப்பு விளக்கு சொன்னபோது
சிரிப்பு வந்தது, தாமதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்று மதியம்
கொளத்தூரில் அரை கிரவுண்டு விற்க வந்தவருக்கு
பத்து விரலும் விழவில்லை.
வாக்கியம் நாக்குவரை வந்தது.
விழுங்கிவிட்டு, என்ன வேலை என்று கேட்டேன்.
"கம்பி கட்றதும்மா."
என் விரல் நுனிகளை மேசைக்கடியில்
கட்டைவிரலால் தடவிக்கொண்டேன்.
அவர் கையை நானே பிடித்து
ஒவ்வொரு விரலாய்
மெதுவாய் உருட்டி வைத்தேன்.
ஏழாவது விழுந்தது.

நேற்று விடியற்காலை ஐந்தே கால்.
மழை நின்ற புழுக்கம், கம்பியெல்லாம் பிசுபிசுப்பு.
சி.
விரல்களை யோசிக்கவிடாமல்
எஃப்.

ஐந்து கம்பிகள்.
ஐந்தும் சேர்ந்து.
ஒன்று மட்டும் இன்னும் ஊமை, இருக்கட்டும்.

அப்போதுதான் கேட்டது
மொட்டைமாடித் தொட்டி வழிந்து
சுவரோடு தண்ணீர் கொட்டுகிற சத்தம்.
கீழ்த்தளத்தில் யாரோ மோட்டார் மோட்டார் என்று கத்துகிறார்கள்.
இந்த வாரம் என் முறை.
ஸ்விட்ச் நாலடி தூரம்.
ஒலி அடங்கும்வரை
விரலை எடுக்கவில்லை.
அப்புறமும்
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.