பின் இடது

அஸ்மீர் ஐந்து பெட்டிகளையும்
நூல் பிடித்து வைத்தான்.
முன்னுக்கு மூன்று, பின்னுக்கு இரண்டு,
இடிச் சத்தத்துக்கென்று
அலுமாரிக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று.
என் கதிரை இருக்கவேண்டிய இடத்தில்
சோக்கட்டியால் ஒரு வட்டம் கீறி
அதற்குள், என் தலை உயரத்துக்கு,
ஒரு மைக்கை நிறுத்தி
ஒவ்வொன்றாகக் கூவவிட்டு அளந்தான்.
"அஞ்சும் சமன், சேர்."

மைக்குக்குச் சமன்தான்.
எனது இடது காது
தொண்ணூறாம் ஆண்டு ஆனியோடு சரி.
அவனுக்கு அதைச் சொல்லவில்லை.
காத்தான்குடிக்குக் கடைசி பஸ் போய்விடுமென்று
வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

தட்டை ரொறன்ரோவிலிருந்து
பிளாசிடஸ் அனுப்பியிருந்தான்.
ஐம்பதாவது ஆண்டுப் பதிப்பு.
மூல நாடாக்களைக் கழுவித் துடைத்து
அறை முழுக்கப் பரப்பியிருக்கிறார்களாம்.
அட்டையை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன்:
தண்ணீர் வற்றிய நீச்சல் குளம்,
அடியில் ஒரு வெள்ளைக் குதிரை.
எனக்கு இத்தனை காலமும் அது
நீலப் பேனையால் 'இங்கிலீஸ் 3' என்று எழுதிய
அறுபது நிமிடக் கசற்.
மத்திய வீதி றெக்கோடிங் பாரில்
எண்பத்தைந்தில் அடித்துத் தந்தது.
இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள் முப்பத்துமூன்று நிமிடம்,
கசற்றுக்கு முப்பதுக்கு மேல் மூச்சில்லை.
கடைசிப் பாட்டு
வசனத்தின் நடுவில் அறும்.

'கதவு இப்போது' என்று
ஆங்கிலத்தில் இழுப்பான்,
டக்.

அந்த டக்குக்குப் பிறகு கதவு என்னவாயிற்றென்று
நானும் பிளாசிடசும் பேசாமலே இருந்திருக்கிறோம்
ஒரு கிழமை.
பூட்டிக் கிடக்கு என்பான் அவன்.
திறந்து கிடக்கு என்பேன் நான்.
கல்லடிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு
சோதனைக்கு வரிசையில் நின்ற நாட்களில்
எத்தனை விதமாக முடித்திருப்பேன் அந்த வரியை.
ஒருநாள் 'கதவு இப்போது விறகு' என்றுகூட.
அது எங்கள் வீட்டுக் கதவு.

அடுத்த நாள் கரண்ட் நிற்கவில்லை.
முதல் பாட்டிலேயே
முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்.
திரும்பிப் பார்த்தேன்.
மூன்றாவதன் நடுவில்
றெக்கோடிங் பார்க்காரர் தன் கடை விலாசத்தைச் சொல்லுவார்,
இதில் அந்த இடத்தில் வெறும் வயலின்.
விலாசத்தை நானே சொன்னேன்.

பிறகு கடைசிப் பாட்டு.
கதவு இப்போது

அதற்குமேல் அவன் பாடவேயில்லை.
வசனத்தை அப்படியே போட்டுவிட்டுக்
கிற்றார் எழும்பிப் போகிறது.
அறுந்தது கசற்றில் அல்ல.
அவர்களே அறுத்ததுதான்.

மூன்று நிமிடம் அந்தக் கிற்றார்
அறையைச் சுற்றுகிறது.
முன் வலது, பின் வலது,
பிறகு என் செத்த பக்கத்துக்குள் இறங்கி,
வாவிக்கு அக்கரையில் போகும் மோட்டர் சைக்கிளாய் மங்கி,
மறுபடி முன்னால் வருகிறது.
ஒவ்வொரு சுற்றிலும் பாதி எனக்கில்லை.

இன்னொருமுறை போட்டேன்.
சோக்கட்டி வட்டத்துக்குள்ளேயே
கதிரையை மற்றப் பக்கம் திருப்பி இருந்தேன்.
இல்லாத பாதி வந்தது.
அதோடு,
பின் இடது பெட்டிக்குக் கீழே
இறால் உரித்துக்கொண்டிருந்த புனிதராணியும் வந்தாள்.
"உப்பு முடிஞ்செண்டு
மூணு நாளாச் சொல்றன்."
எங்கேயிருந்து சொன்னாய் என்று கேட்டேன்.
"இங்கயிருந்துதான்.
எப்பவும் இங்கதானே இருக்கன்."

கிற்றார் அடங்கும் இடத்தில்
மேளக்காரர் தடிகளைக் கீழே வைப்பது கேட்கிறது.
யாரோ கதிரையை இழுத்து எழும்புகிறார்.
ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது.
இங்கிலாந்திலா, சின்ன ஊப்போடையிலா,
ஐம்பது வருடத்துக்கு முந்தியா?
பார்த்தால்
நான் நின்றுகொண்டிருக்கிறேன், கையில் பை.
நாகேந்திரத்தின் கடை
ஒன்பதுக்குப் பூட்டும்.