இரட்டைச் சாவி

எங்கள் துறைமுகக் கிளையின் பெட்டகம்
ஒரு சாவிக்குத் திறக்காது.
ஒன்று மேலாளர் பாடலீஸ்வரனிடம்,
இன்னொன்று கேஷியர் என்னிடம்.
பதினோரு வருடம், காலை ஒன்பதே முக்காலுக்கு,
கருவாட்டு வாடைக்குள்
அக்கம்பக்கம் நின்று திறந்தோம்.
என் வீட்டுக்காரர்கூட
அத்தனை நேரந்தவறாமல் என் பக்கத்தில் நின்றதில்லை.

ஐந்து ரூபாய் உதைத்தால்
ஒன்பது மணிவரை உட்கார்த்தி வைப்பார்.
என் பையிலிருந்து போட்டுவிடட்டுமா சார் என்றால்,
"அப்புறம் அந்த அஞ்சு ரூவா எங்க போச்சுன்னு
யாருக்கும் தெரியாமலே போயிடும் பிலோமினா."
மஞ்சக்குப்பத்துக்குக் கடைசி பஸ்
எனக்காக ஒருநாளும் நின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அலை வந்தது.
திங்கட்கிழமை சோனாங்குப்பம் முழுக்க எங்கள் வாசலில்.
பாஸ்புக் இல்லை, ரேஷன் கார்டு இல்லை,
சிலருக்குச் சட்டையும் இல்லை.
லெட்ஜரைத் தூக்கிவரச் சொன்னார்.
முகத்தைப் பார்த்தார், பக்கத்தைப் புரட்டினார்.
"நீ வீராயி மவன்தானே? நாலாயிரத்து முந்நூறு இருக்கு."
கொடு என்றார். கொடுத்தேன்.
ஒரே ஒருவன் ஏமாற்றினான்.
அவனும் தை மாதம் வந்து பாதியைக் கட்டினான்.

தலைமையகம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியது.
இவர் எழுதிய பதில் ஒன்றரைப் பக்கம்.
யாரோ அதை ஜெராக்ஸ் எடுத்து
மீன் மார்க்கெட் டீக்கடையில் ஒட்டிவிட்டார்கள்.
யாரோ இல்லை.
நான்தான்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்துவிட்டு
மாவட்டச் செயலாளர் வீடு தேடி வந்தார்.
விருப்ப ஓய்வு. சாவி ஒப்படைப்பு.
வேட்புமனுவில் ஒரு ஸ்கூட்டர், மனைவிக்குப் பதினாறு சவரன்,
பி.எஃப். பணம் பைசா சுத்தமாக.
கட்சிக்காரர்கள் சிரித்தார்கள்.
இருநூற்றுப் பதினான்கு ஓட்டில் ஜெயித்தார்.
மறுபடி எண்ணச் சொன்னார்,
ஜெயித்தவரே.

அப்புறம் வேட்டியின் கரை மாறியது.
ஏல நோட்டீசில் பெயர் போட்டுப் பலகையில் ஒட்டிய அதே மனிதர்
மைதானத்தில் மைக் பிடித்து
"நகைக்கடனை யாரும் கட்டாதீங்க" என்றார்.
மறுநாள் என் கவுண்டரில் ஈ ஓட்டினேன்.
முந்தின வாரம் கட்டியவள் மட்டும் வந்தாள்:
"ஒழுங்கா கட்டுனவ கேனச்சியா?"
போன் போட்டேன். வேறு யாரோ எடுத்து
"அண்ணன் மீட்டிங்கில இருக்கார்" என்றான்.

புதுப்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பிடித்துக் கேட்டேன்:
எங்க சார் உதைக்குது?
இலையை மூடினார்.
"இங்க பெட்டகத்துக்கு எத்தனை சாவின்னே தெரியல பிலோமினா.
ஒண்ணுகூட என்கிட்ட இல்ல."
மூடிய இலையில் ஜாங்கிரி அப்படியே இருந்தது.

அடுத்த தேர்தலில் டெபாசிட் போனது.
எங்கள் தொழிலில் டெபாசிட் என்றால்
வட்டியோடு திரும்பி வரும்.

போன புதன்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார்.
லாக்கர் எண் நாற்பத்தேழு.
முதலில் என் சாவி, பிறகு அவர் சாவி,
பழைய வாகிலேயே நின்றோம்.
பெட்டி திறந்ததும்
வங்கி ஆள் வெளியே போய்விட வேண்டும். விதி.
போனேன்.

எல்லாருக்கும் ஐந்து நிமிடம் ஆகும்.
இவருக்கு ஐம்பது.
உள்ளே எதையோ எண்ணுகிற சத்தம்.
நிற்கும். முதலிலிருந்து தொடங்கும்.
நோட்டின் சத்தமும் தெரியும் எனக்கு,
வெறும் காகிதத்தின் சத்தமும் தெரியும்.
கேட்டது எது என்று
இந்த ஒன்றை மட்டும் எங்கேயும் ஒட்டமாட்டேன்.

வெளியே வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்,
மேலாளர் கட்டத்தில்.
பார்த்தார். அடித்தார்.
கீழே வாடிக்கையாளர் கட்டத்தில் மறுபடி போட்டார்.
அடித்த இடத்திலும் ஒரு சின்னக் கையெழுத்து வேணும் சார், என்றேன்.
"ஆமாமா" என்று
பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.