மூன்றாம் பட்டை

முதுநகரில் லாரி பட்டை வேலை எனக்கு.
ஒடிந்ததை எடைக்குப் போடாமல்
சுவரோரம் சாய்த்து வைப்பேன்.
ஒவ்வொன்றிலும் சாக்பீஸில்
வண்டி எண், தேதி, ஏற்றிய கல்.

ஓசூர் கம்பெனியிலிருந்து ஃபிலோமினா வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
தரையில் குந்தி எல்லாவற்றையும் படித்தாள்.
"எல்லாமே மூன்றாம் பட்டை."
"சென்டர் போல்ட் ஓட்டையில்" என்றேன்.

திருவக்கரைக் கல்லை
தேவனாம்பட்டினம் கரையில் கொட்டும் வண்டிகள்.
ஆறு சக்கரமாய் இருந்தபோது
அஞ்சாபுலி கடப்பாரையால் நெம்பித் தள்ளினான்.
பத்து ஆனதும் ஜாக்கி தள்ளியது.
பன்னிரண்டு வந்தபோது
பாரமில்லாத நேரம் ஓர் அச்சு மேலே ஏறிக்கொள்ளும்,
மழைத்தண்ணியில் சேலையைத் தூக்கிப் பிடிப்பதுபோல.

அடுத்த வருஷம் பதினாறு.
படுத்துக் கீழே போய்ப் பார்த்தேன்.
ஓட்டை இருந்த இடத்தில்
உருக்கிலேயே தட்டி எழுப்பிய
சின்னக் குமிழ்.
விரலால் தடவினேன். ஃபிலோமினா
நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

எட்டு மாதமாய் ஒரு பட்டையும் ஒடிந்து வரவில்லை.
வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

பிறகு, ரெட்டிச்சாவடிப் பக்கம்
வாய்க்கால் பாலம் விட்டுவிட்டது என்றார்கள்.
கடைசியாய்க் கடந்தது அஞ்சாபுலி.
ஏசி ஓடியதாம். கண்ணாடி ஏற்றியிருந்தானாம்.
சத்தம் எதுவும் கேட்கவில்லையாம்.

டார்ச்சோடு இறங்கினேன்.
எது முதலில் விரிந்தது, தெரியவில்லை.
ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காமல்
ஆணியால் கீறினேன்: தேதி,
வண்டி எண்.

எத்தனை டன் என்று
அவன் இன்னும் சொல்லவில்லை.