நீலத் திருகு

வலது காலின் உச்சியில் இருக்கிறது.
என் காலில் இல்லை, சைக்கிளின் காலில்.
நீல அலுமினியம், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
வலப்பக்கம் திருகினால் உள்ளே எண்ணெய்க்கு வழி குறுகும்.
கடைசிவரை திருகினால் அடைபடும், அது பூட்டு.
அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் எட்டுக் கிளிக், முழுத் திறப்பு.
இதில் எதையும் ஜெகபர் சொல்லித் தரவில்லை.
என்னைவிட ஆறு வயது இளையவன், விற்கும்போது சொன்னது இவ்வளவுதான்:
"முன்ஷாக் நல்லாருக்கு மேடம், கண்டதையும் தொடாதீங்க."

தொட்டேன்.

கூட்டுறவு வங்கியில் மிஞ்சிய பேரேட்டுத் தாளில்
ஒரு கணக்கு ஆரம்பமானது.
பள்ளத்தூர்ச் சாலை: பள்ளம் இல்லை. பூட்டு.
கண்மாய்க் கரை: ஐந்து.
முந்திரிக்காட்டு மணல்: எட்டு. அப்படியும் விழுந்தேன்.
செம்பாறைக் கிடங்கு இறக்கம்:
அங்கே மட்டும் ஒரு கேள்விக்குறி, நான்கு மாதமாக.

ஆறில் வைத்தால் சல்லிக்கல் தெரியவே இல்லை,
ஆனால் பிரேக் தொட்டதும் முன்பக்கம் மண்டியிடுகிறது.
இரண்டில் வைத்தால் நிமிர்ந்து நிற்கிறது,
நின்றுகொண்டு ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக
என் முழங்கைக்கு அனுப்புகிறது, வட்டியோடு.
நான்கில் வைத்தால் இரண்டு கெடுதலும் பாதிப் பாதி.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு.
கானாடுகாத்தான் தெருவில் மெதுவாகப் போனேன்.
ஒரு வீட்டுக் கதவில் ஏழு பூட்டு.
பங்காளிக்கு ஒன்று என்று நினைக்கிறேன்.
ஒன்று புத்தம் புதியது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
ஏழா எட்டா என்று திரும்பிப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்ததில்
என் பூட்டை மறந்தேன்.

கிடங்கின் விளிம்பில்தான் உறைத்தது.
அதற்குள் சக்கரம் இறங்கிவிட்டது.
முதல் கல் கைப்பிடியை உலுக்கியது.
இரண்டாவது பல்லுக்கு வந்தது.
மூன்றாவது கல் இல்லை, படி.
பாளம் பாளமாய் அறுத்தெடுத்தவர்கள் விட்டுப்போன
முழங்கால் உயரப் படி.
உள்ளே 'டப்' என்றது.
பூட்டிய கால் ஓர் அங்குலம் அமிழ்ந்து, எழுந்தது.

ஒடிந்தது என்றே நினைத்தேன்.
அடியில், மழைத்தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நடுங்கும் விரலால் போன் போட்டேன்.

"ஒடியல மேடம். பூட்டுனாலும் உள்ள ஒரு வால்வு இருக்கு.
அளவு மீறி அடி விழுந்தா அதுவா விட்டுக் குடுக்கும்."
"எவ்வளவு அடி?"
"அதத் திருகி வைக்கலாம், வெல கூடுன மாடல்ல.
உங்களதுல கிடையாது."
பின்னால் யாரோ பரோட்டா கேட்டார்கள். வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இத்தனை நாள் நான் எண்ணியது எல்லாம் வெளியில் இருந்தது.

தாளில் கேள்விக்குறியை அடித்துவிட்டு எழுதினேன்:
செம்பாறைக் கிடங்கு: பூட்டு, மறதியால். மணிக்கட்டு வலது, வீக்கம்.
பிறகு நான்கு கிளிக் திறந்தேன்.
மேலே ஏற்றம் என்பது நினைவு வந்து
திரும்பவும் பூட்டினேன்.