பதினெட்டு மில்லிமீட்டர்

மழை என்று சொல்லமுடியாத ஒரு மழை
தொலோசாவில் விடியலிலிருந்து.
காகித ஆலையில் இரவு வேலை முடித்து
கொல்டோவின் கடைக் கதவு ஏறக் காத்திருக்கிறேன்,
உடம்பின் எடையெல்லாம் இடது காலில்.

வலது முட்டிக்கு
டாக்டர் ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்.
நான் வைத்த பெயர் வேறு. அச்சில் ஏறாது.

சீட்டை ஏற்று என்றான் பெனாத்.
சீட்டை இறக்கு என்றான் அவன் தம்பி.
ஐஸ் வை. ஐயோ, ஐஸா, வைக்காதே.
நீச்சலுக்குப் போகச் சொன்னார்கள்.
போனேன், கரையில் நின்று பார்த்தேன்,
தண்ணீரில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை,
திரும்பிவிட்டேன்.

வலி எங்கே என்று எனக்குத் தெரியும்.
பெடல் வட்டத்தின் உச்சியில்,
கடிகாரமென்றால் சரியாகப் பன்னிரண்டு.
பதினொன்றில் பயம்,
பன்னிரண்டில் அந்தச் சொடுக்கு,
மூன்றுக்கு வந்ததும்
எதுவுமே நடக்காததுபோல ஒரு முகம்.
நிமிடத்துக்கு எழுபது முறை
நள்ளிரவு அடிக்கும் கால்.

என் கிராங்க் நூற்று எழுபது.
வாங்கியபோது அதில் இருந்தது, அவ்வளவுதான்.
ஷூ விற்பவன்கூட பாதம் எவ்வளவு என்கிறான்;
தொடை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.
பெனாத் வாசல்நிலையில் குனிந்து வருபவன்.
நான் அவன் நெஞ்சுக்கு இருப்பேன்.
இருவருக்கும் ஒரே நூற்று எழுபது.

ஏப்ரலில் என் டயர் கிழிந்தது.
அடம்பிடித்து, மகள் ஒயானாவின் சைக்கிளில்
சீட்டை எல்லைக்கோடு வரை உயர்த்தி
அல்கிசா ஏற்றத்தில் போனேன்.
கத்தரிப்பூ நிறம். மணியின் மேல் ஒரு தவளை.
ஆட்டு மந்தை ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது.

வளைவில் பதினொன்று வந்தது.
பல்லைக் கடித்தேன்.
பன்னிரண்டு
அடிக்காமலே கடந்துபோனது.
மறுபடியும்.
மறுபடியும்.
சர்ச் வாசலில் இறங்கி
முட்டியும் கூட வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

வீட்டில் கிராங்கின் முதுகு அழுக்கைத் துடைத்தால்
152 என்று பொடி எழுத்து.

"பிள்ளைகள் சாமான்" என்கிறான் கொல்டோ.
"நெம்புகோல் குட்டையானால் பலம் போச்சு, இத்சியார்."
நெம்புகோல் எனக்குத் தெரியாததா?
பத்தொன்பது வருடமாகக் காகித உருளைகளை
நெம்பித்தானே சோறு.
பல்சக்கரத்தையும் சின்னதாகப் போடு,
அழுத்துவதற்குப் பதில் சுற்றிக்கொள்கிறேன்.

முனகிக்கொண்டே ஸ்பானரை எடுத்தான்.
வலது பெடல் எல்லா மரையையும்போலக் கழன்றது.
இடதுக்கு எதிர்த்திசை;
உலகத்தில் ஒன்றாவது
இரண்டு கால்களும் ஒன்றல்ல என்று
தெரிந்து செய்யப்பட்டிருக்கிறது.

பழைய கிராங்க் கீச்சிட்டு வெளியே வந்தது.
கொல்டோ அட்டைப்பெட்டி மூலையில் வட்டம் போட்டான்.
கீழே பாதம் பதினெட்டு மேலே நிற்கும்,
ஆகவே சீட் பதினெட்டு ஏறும்.
உச்சியிலோ பாதம் பதினெட்டு தாழும்.
பென்சில் நின்றது.
"அப்படியானால் மேலே முப்பத்தாறு"
என்றான், என்னிடம் அல்ல, அட்டையிடம்.

ஒரு தீப்பெட்டியின் அகலம்.
மூன்று வருடமாக
அந்த முட்டி கேட்டது அவ்வளவு இடம்தான்.

இலவசமில்லை.
சிக்னலில் இப்போது நுனிவிரலில் நிற்கிறேன்.
செங்குத்தான இடத்தில் எழுந்து மிதித்தால்
காலடியில் எதுவோ குறைகிறது.
ஞாயிறன்று எல்லோருக்கும் பின்னால்,
தையல் மெஷின் மாதிரி ஓடும் கால்களோடு
மேலே போய்ச் சேர்ந்தபோது
அவர்கள் காபி ஆறியிருந்தது.
பெனாத் என் கிராங்கைப் பார்த்தான், சிரித்தான்.
மேசைக்கடியில் அவன் கை
அவன் முட்டியைப் பிசைந்துகொண்டிருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை. கேட்கட்டும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி.
லிஃப்ட் இல்லை.
படிகளுக்குக் குட்டை சைஸ் செய்வதில்லை யாரும்.
சைக்கிளைத் தோளில் மாட்டி
கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறேன்,
ஒவ்வொரு படிக்கும்
பன்னிரண்டு அடிக்கிறது.