வரையறுக்கப்பட்ட பொறுப்பு

அசுன்சியோன் விமான நிலையம். இரவு பதினொன்றரை.
இரண்டாம் எண் பெல்ட்டில்
எல்லாப் பெட்டிகளும் போய்விட்டன.
ஒரு குழந்தை வண்டி மட்டும்
கேட்பாரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெரிய சாமான்களின் கதவு திறக்கிறது.
படுத்தபடி வருகிறது சுனில்டா பொகரினின் ஹார்ப்.
உறையில் ஒரு கீறல் இல்லை.
ஒட்டிய நான்கு சிவப்புத் தாள்களிலும்
கண்ணாடிக் கிண்ணத்தின் படம் முழுசாக இருக்கிறது.

நகம் படாமல் ஜிப்பைத் திறக்கிறாள்.
நகம்தான் அவளுக்குச் சோறு.
பத்து நாளாய் மாட்ரிட்டில்
ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை அந்த நகங்கள்.

உள்ளே
கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்.
முப்பத்தாறு நரம்பில்
சிவப்பு எது, நீலம் எது என்று மட்டும் தெரிகிறது.
எது எந்தச் சுரம் என்று தெரியவில்லை.

புகார் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு
பொறுங்கள் என்கிறாள் நிமியா.
பொறுப்பு என்ற சொல்லுக்கு முன்னால்
எப்போதும் அதுதான் வரும்.

எங்கே ஏற்றினீர்கள்?
மாட்ரிட்.
எங்கே மாற்றினார்கள்?
சாவோ பாவுலோ. மழை. இதன் மேல் யாரோ
ஒரு சைக்கிளைப் போட்டார்கள். பார்த்தேன்.
படம் எடுத்தீர்களா?
இல்லை. கத்தினேன்.
ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

நரம்புகளைத் தளர்த்தினீர்களா?
பாதி.
ஏன் பாதி?
முழுக்கத் தளர்த்தினால் பலகை தன் வளைவை மறந்துவிடும்.
விட்டுவைத்தால் மேலே அந்தக் குளிரில்
தன்னைத் தானே இழுத்துக் கிழித்துக்கொள்ளும்.
பாதி என்று எழுத இடம் தேடுகிறாள் நிமியா.
ஆம், இல்லை என்று
இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

ஏழாவது கேள்வி, முன்பே இருந்த சேதம்.
குனிந்து, பலகையின் அடியில் மயிரிழைக் கோடொன்றைத்
தொட்டுக் காட்டுகிறாள் சுனில்டா.
"இது விமானத்தினுடையது இல்லை.
வில்லாரிக்காவில் ஒரு கல்யாணம். என் கொழுந்தன்
இதன்மேல் சாய்ந்து நின்று அழுதான்."

நிமியா பேனாவைக் கீழே வைக்கிறாள்.
"செனோரா, அதைச் சொல்லாதீர்கள். சொன்னால்
எல்லாவற்றையும் அந்தக் கோட்டின் தலையில் கட்டிவிடுவார்கள்."

"எழுது.
அவன் செய்ததற்கு
இவர்களிடம் நான் எப்படிக் காசு கேட்பேன்?"

எழுதுகிறாள்.
உறையின் காதில் தொங்குகிறது ஓர் அட்டை,
விடியாத ஐந்து மணிக்கு, வரிசை நெருக்க,
படிக்காமல் சுனில்டா கையெழுத்திட்டது.
உடையக்கூடியது. பயணியின் பொறுப்பு.
கிடைத்தாலும் கிடைக்கலாம் ஒரு தொகை,
எந்தக் கையும் எண்ணிப் பார்த்திராத
ஏதோ ஒரு கணக்கு நாணயத்தில்.
உடையவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர்.
அச்சுக் கோப்பவர் சற்றே அசந்திருந்தால்
உடைந்தவர் பெயர்.

ரப்பர்த் திரையை விலக்கிக்கொண்டு
நனைந்த மஞ்சள் சட்டையில் ஒருவன் வருகிறான்.
சட்டையில் எலாதியோ என்றிருக்கிறது.
உள்ளங்கையில் ஒரு முறுக்காணி.
"சாமான் வண்டியில் உருண்டு கிடந்தது."
கூட்டித் தள்ளியிருக்கலாம்.
ஷிப்ட் முடிந்து பத்து நிமிஷம் ஆகிறது.

"இறக்கும்போது உள்ளே ஒரு சத்தம்.
முன்பே போயிருந்ததா, என் கையில் போனதா
தெரியாது. சத்தம் கேட்டது.
எப்படியென்றால்..."
சொல்ல வரவில்லை.
வாயால் ஒருமுறை செய்து காட்டுகிறான்.

சுனில்டா நிமிர்கிறாள்.
"ஃபா," என்கிறாள். "நீல நரம்பு."

பிறகு மூவருக்கும் ஒருசேரப் புரிகிறது:
நரம்பு அப்படிக் குரல் கொடுத்ததென்றால்
அதுவரை கழுத்து நின்றிருக்கிறது.

எலாதியோ விரித்த கையை மூடவில்லை.
"என் பெயரை எங்கே எழுத வேண்டும்?"
நிமியா படிவத்தைப் புரட்டிப் பார்க்கிறாள்.
பின்பக்கம் வெள்ளை.
எழுது என்று யாரும் சொல்லவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சுனில்டா முறுக்காணியை வாங்கி
கைக்குட்டையில் முடிகிறாள்.
"முதலில் அந்த முனையைப் பிடி. டாக்ஸி வரை.
உள்ளே சத்தம் கேட்டால்
நில்."