பாதி வழியில்

எங்கள் ஊரை நகர்த்துகிறார்கள்.
கிருணாவின் இரும்புத் தாது
ஊருக்கடியில் சரிந்து இறங்குகிறது,
தோண்டத் தோண்ட மேலே மண் விட்டுக்கொடுக்கிறது.
எந்தத் தெரு எத்தனை மில்லிமீட்டர் என்று
அளந்து எழுதுவது என் வேலை.
பெயர் சீரி லாந்தோ. முப்பத்தெட்டு வயது.
பதினாறிலிருந்து வலிப்பு மாத்திரை,
காலை இரண்டு, இரவு ஒன்று.
ஏன் என்று யாரும் தோண்டவில்லை,
யூவார் பிறக்கும் வரை.

ஊமியோவில் மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
மடிப்புகள் இருக்க வேண்டிய இடம்
வழவழவென்று கிடந்தது.
முதல் உறைபனியன்று லுவோசாயார்வி ஏரி இருக்குமே,
ஒரு ஸ்கேட்டும் கீறாமல்,
அப்படி.

மூளைச் செல்கள் ஆழத்தில் பிறக்கின்றனவாம்.
பிறந்த இடத்தில் தங்கினால் ஆகாது.
ஏற வேண்டும், ஒவ்வொன்றும்
தனக்கென்று விட்டிருக்கும் மாடிக்கு.
செல்லுக்குள்ளும் எலும்பு உண்டு என்றார்:
பதின்மூன்று இழை சேர்ந்த குழல்கள்,
நீளும், இற்றுப்போகும், மறுபடி நீளும்.
நீண்ட குழல் இற்றுவிடாமல்
இழைக்கும் இழைக்கும் நடுப்பள்ளத்தில்
வந்து உட்கார்ந்து பிடித்துக்கொள்ள ஒரு புரதம்.
ஹெனிங் உடனே புரிந்துகொண்டான்.
நார்விக் பாதையில் பிடிப்பாணி முறுக்குகிறவன் அவன்,
மைனஸ் முப்பதில் தண்டவாளம்
என்ன செய்யும் என்று தெரிந்தவன்.

அந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில்.
அதில் ஓரெழுத்து மாறியிருக்கிறது.
தலையெழுத்து என்று சொல்வதற்குக்கூட
மிகச் சின்னது.

பிறகு என்னையும் அந்தக் குகைக்குள் படுக்க வைத்தார்கள்.
எனக்கு எக்ஸ் இரண்டு.
செல்லுக்குச் செல் ஏதோ ஒன்று தூங்கிவிடும்.
நல்லது விழித்திருந்த செல்கள் மேலே போய்ச் சேர்ந்தன.
மற்றவை பாதி வழியில் நின்று
அங்கேயே அடுப்பு மூட்டிக்கொண்டன.
வெளி விளிம்புக்குக் கீழே இன்னொரு சாம்பல் பட்டை:
போய்ச் சேராதவர்களின் ஊர்,
எனக்குள், இத்தனை வருடமாக.
அவர்கள்தான் அவ்வப்போது
என்னை உலுக்கிக் கீழே தள்ளியவர்கள்.

யூவாருக்கு எக்ஸ் ஒன்றே.
அதை நான் கொடுத்தேன்.
நாணயத்தைச் சுண்டியது யாரோ,
நாணயம் என் பையில் இருந்தது.
அன்றிரவு ஹெனிங் வாசலில்
பூட்ஸைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் நின்றான்.
பிறகு கழற்றினான்.

ஆகஸ்டில் தேவாலயத்தை நகர்த்தினார்கள்.
ஒரு பலகையும் பிரிக்காமல்
அப்படியே சக்கரங்களின் மேல்,
நடக்கும் ஆளைவிட மெதுவாக.
கீழே இரும்புச் சட்டம் தாங்கிப் பிடித்திருந்தது.
ஊரே கைதட்டியது.
நான் தட்டவில்லை. யூவாரின் கழுத்தை
என் உள்ளங்கை தாங்கியிருந்தது.
ஒரு கட்டடத்துக்கு இத்தனை பிடிப்பா
என்று ஒரு கணம் பொறாமையாக இருந்தது.
சொல்ல வெட்கம்தான்.
அவனோ சக்கரங்களின் உறுமல்
நாற்காலிக் கம்பி வழியே ஏறியதும்
வாயைத் திறந்து சிரித்தான்.

ஆழமான ஒலி எதுவானாலும் அவனுக்குப் பிடிக்கும்.
இரவு ஒன்றரைக்குச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது
கோப்பைகள் அலமாரியில் நடுங்கும்,
தெரு முழுக்கத் தூக்கத்தில் புரண்டு படுக்கும்.
யூவார் அதற்காகவே விழித்திருப்பவன் போல,
ஆறு வயதில் அவன் எழுப்பும் ஒரே உரத்த சத்தம்
அந்தச் சிரிப்பு.

புது ஊரில் வீடு ஒதுக்கிவிட்டார்கள்.
சறுக்குப்பாதை, அகலக் கதவு, எல்லாம் சரி.
சாவி கொடுக்க வந்த பெண்
முதலில் சொன்னதே இதுதான்:
அங்கே அதிர்வு வரவே வராது.

காகிதம் மேஜையில் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல்.
எதிர்வீட்டு ஜன்னல்களைக் கழற்றியாயிற்று.
இன்று எங்கள் தெரு நான்கு மில்லிமீட்டர்.
எழுதி வைத்தேன்.
மணி ஒன்று இருபத்தெட்டு.
கட்டில் கம்பியில் கையை வைத்திருக்கிறேன்.